வாத்துக் களவெடுத்த துரை

2005ஆம் ஆண்டு மார்ச் மாதம், வயோதிபர்களைப் பராமரிக்க ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று றோசாவை இல்-பிசார் என்ற ஆற்றுத் தீவுக்கு அனுப்பியது. அவள் குடியிருந்த மொன்ட்ரியால்-நோரிலிருந்து அங்கே போக ஒரு மெட்ரோவும் மூன்று பஸ்களும் எடுக்க வேண்டும். மூன்றாவது பஸ் மணிக்கு ஒன்றுதான். அதைத் தவறவிட்டால் பனிக்குள் நின்று ஏஜென்சிக்காரியின் பரம்பரையைத் திட்டலாம், வேறொன்றும் செய்ய முடியாது. றோசா அன்று தவறவிட்டாள். ஆகவே, ஸ்டான்லி ஹார்கிரீவ்ஸ் என்ற எண்பத்தைந்து வயதுக்காரரின் வீட்டு மணியை அடித்தபோது அவள் நல்ல மனநிலையில் இருக்கவில்லை.

கதவைத் திறந்தவர் ஆறடி உயரம். வோக்கரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி அவளை மேலும் கீழும் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். சிறீலங்கா என்றாள். தமிழா என்றார். ஓம் என்றாள்.

உடனே அவர் முதுகை நேராக்கி, பிறகு இடுப்பை வளைத்துக் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, திருத்தமான தமிழில், "பன்னாடை" என்றார்.

றோசாவுக்கு ஐம்பத்தொரு வயது. மன்னார், பேசாலை. சோதனைச்சாவடிகளில் சிங்களத்தில் ஏச்சு வாங்கியிருக்கிறாள், குடிவரவு அலுவலகத்தில் ஆங்கிலத்தில் வாங்கியிருக்கிறாள், ஏஜென்சியில் வாரம் ஒருமுறை பிரெஞ்சில் வாங்குகிறாள். ஆனால் வாசலில் வைத்து, குனிந்து கும்பிட்டு, தாய்மொழியில் இப்படி ஒருவர் ஏசியது அதுதான் முதல் தடவை.

"ஆரைச் சொல்லுறீங்கள்?" என்றாள்.

"உம்மைத்தான். 'சேர்' எண்டு மரியாதையாக் கூப்பிடுறது. பொம்பிளையளுக்கு வேற சொல்லோ?"

அவருடைய முகத்தில் பகிடியின் அடையாளமே இல்லை. றோசா சப்பாத்தைக் கழற்றி, பனியைத் தட்டி வைத்துவிட்டு, பொறுமையாக விளங்கப்படுத்தினாள். பன்னாடை என்பது தென்னையிலும் பனையிலும் மட்டையடியில் இருக்கிற வலை மாதிரியான சாமான். அதை ஒரு மனிசனைப் பார்த்துச் சொன்னால், ஒன்றுக்கும் உதவாத மொக்கன் என்று கருத்து.

ஹார்கிரீவ்ஸ் சுவரைப் பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. "அஞ்சு மாசம்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒவ்வொரு நாள் காலமையும் ஒரு ஜப்பான் சார்ஜனுக்கு முன்னால குனிஞ்சு இதைத்தான் சொன்னனான். அவனும் திருப்பிக் குனிவான்."

அந்த ஒரு சொல்லைத் தவிர இதெல்லாம் ஆங்கிலத்தில் நடந்த பேச்சு. ஆனால் றோசா வேலை முடிந்து வந்து, டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை செய்யும் தன் புருசன் அருமைநாதனுக்கு எல்லாவற்றையும் பேசாலைத் தமிழில்தான் சொல்லுவாள். அதனால் இந்தக் கதையில் ஹார்கிரீவ்சும் பேசாலைக்காரர் போலத்தான் கதைப்பார். அவர் மறுப்புச் சொல்லமாட்டார்.

அவர் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பஞ்சாலை ஊரில் பிறந்தவர். பீரங்கிப் படையில் சேர்ந்து, கப்பலில் மூன்று மாதம் வாந்தி எடுத்து, 1942 ஜனவரி கடைசியில் சிங்கப்பூரில் இறங்கினார். பெப்ரவரி பதினைந்தில் மொத்தப் படையும் சரணடைந்தது. "சண்டை பிடிச்சது பதினெட்டு நாள், மறியல் இருந்தது மூண்டரை வருசம்," என்பார். "நான் சுட்டதில ஒண்டு தென்னையில பட்டது. மற்றது எங்க போனதெண்டு இண்டைக்கும் தெரியாது."

பிறகு சரக்கு ரயில் பெட்டியில் முப்பது பேரை அடைத்துத் தாய்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காட்டை வெட்டி, பர்மா வரைக்கும் ரயில் பாதை போட வேண்டும். சாப்பாடு சோறும், வெள்ளரிக்காய் கழுவிய தண்ணீர் போல ஒரு சூப்பும். ஆறடி ஆள் நாற்பது கிலோவுக்கு வந்தார். றோசா அவரைக் குளிக்கவார்க்கும்போது இடது கணைக்காலில் ஒரு பள்ளம் தெரியும். இரண்டு விரலை வைக்கலாம். மூங்கில் கீறிய புண் அழுகியபோது, முகாம் டொக்டர் மருந்தில்லாமல் சாப்பாட்டுக் கரண்டியால் சுரண்டி எடுத்த இடம் அது.

"நொந்திருக்குமே," என்றாள் றோசா.

"நாலு பேர் பிடிச்சவங்கள். பின்னேரம் அதே கரண்டியாலதான் சூப்பும் குடிச்சன். இருந்தது ஒரு கரண்டி."

அவர் எதையும் இப்படித்தான் சொல்லுவார். போர் முடிந்து 1952இல் மொன்ட்ரியாலுக்கு வந்து, ஒரு ரயில்வேக் கொம்பனியில் வேலை கேட்டுப் போனபோது முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்களாம். "நானூற்றுப் பதினைஞ்சு கிலோமீற்றர், சம்பளமில்லாமல்," என்று சொல்லி, அன்றைக்கே வேலையை வாங்கி, முப்பத்திரண்டு வருடம் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றார். வீட்டு முன்னால் நின்றது ஜப்பான் கார். அக்கம்பக்கத்தார் எப்படி மனம் வந்தது என்று கேட்டால், "தண்டவாளத்தை விடக் கார் நல்லாச் செய்வினம்," என்பார்.

ஒன்றே ஒன்றில்தான் அவர் பகிடி விடமாட்டார். வீட்டுக்குள் சோறு வரக்கூடாது. வாசம்கூட ஆகாது. றோசா தன் மத்தியானச் சாப்பாட்டைப் பின் கராஜில், பனி வழிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். அவளுக்கு அதில் கோபமிருந்தது, பிறகு பழகிவிட்டது.

ஏப்ரலில் ஒருநாள், உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது, காட்டில் என்ன உடுத்தீர்கள் என்று சும்மா கேட்டாள். முதல் மழைக்காலத்திலேயே காற்சட்டை உக்கிப்போய்விட்டதென்றும், பிறகு ஒரு முழத் துண்டும் அரைஞாண் கயிறும்தான் என்றும் சொல்லி, முன்னால் சொருகிப் பின்னால் இழுத்துக் கட்டுவதைக் கையால் காட்டினார்.

"கோவணம்," என்றாள் றோசா.

"ஓம், அந்தச் சொல்தான். மச்சான்தான் கட்டப் பழக்கினவன். நாங்கள் கட்டினா நடக்கேக்க கழண்டு விழும். அவன் பாத்துச் சிரிச்சுப்போட்டு, பேந்து கிட்ட வந்து கட்டிவிட்டவன்."

நூற்றைம்பது வருடம் ஊரை ஆண்ட வெள்ளைக்காரன் ஒரு தமிழன் முன்னால் நின்று கோவணம் கட்டப் பழகிய காட்சியை நினைத்து றோசா சிரித்தாள். பஸ்ஸிலும் சிரித்தாள். அன்றிரவு அருமைநாதனுக்குச் சொன்னபோது அவனும் சிரித்தான். "ஆரது மச்சான்?" என்று அவன் கேட்ட பிறகுதான் அவளுக்கும் அந்தக் கேள்வி வந்தது.

மச்சானைப் பற்றி ஹார்கிரீவ்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரர் ஆயிரக்கணக்கில் தமிழ்க் கூலிகளை ஏற்றிவந்து அதே பாதையில் வேலைக்கு விட்டிருந்தார்கள். கைதிகளின் முகாம் ஓடைக்கு இந்தக் கரை, கூலிகளின் முகாம் அந்தக் கரை. மூங்கில் வெட்டப் போகும் இடத்தில் இரண்டு பக்கமும் கலக்கும். மச்சானுக்கு முப்பது வயதிருக்கும். "யெஸ் துரை, நோ துரை" அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். எந்த மூங்கில் குருத்தைத் தின்னலாம், எதைத் தின்றால் வயிற்றாலடிக்கும் என்று காட்டித் தந்தவன் அவன்தான். சார்ஜனை என்ன சொல்லிக் கும்பிட வேண்டுமென்று சொல்லித் தந்தவனும் அவன்தான்.

அந்தக் கட்டைச் சார்ஜன் ஆறு வாத்து வளர்த்தான். அவற்றுக்குப் போட்ட அரிசி கைதிகளுக்குப் போட்டதை விட நல்ல அரிசி. 1943 ஓகஸ்ட்டில், விடாத மழையில், சமையல் கொட்டிலில் வேலைக்கு நின்ற ஹார்கிரீவ்ஸ் அதில் ஒன்றின் கழுத்தைத் திருகினார். கோவணத்துக்குள் வாத்தை ஒளிக்க முடியாது. தண்ணீர் வாளிக்குள் போட்டு, மேலே இலையை மூடி, தண்ணீர் அள்ளப் போகிறவர் போல ஓடையைக் கடந்து போனார். மச்சான் சேற்றைப் பூசி நெருப்பில் போட்டான். ஆளுக்குப் பாதி. எலும்பையும் கடித்துத் தின்றார்கள்.

இந்தக் கதையை அவர் இருபது வருடமாக, ஒவ்வொரு நவம்பரும், பழைய படைவீரர்களின் மண்டபத்தில் சொல்லி வந்தவர். சார்ஜன் "குவாக், குவாக்" என்று கூப்பிட்டுத் தேடியதை நடித்துக் காட்டுவார். மண்டபமே சிரிக்கும், கதை அந்த இடத்தில் முடியும்.

ஜூலையில் ஒரு பின்னேரம், ஆற்றைப் பார்த்தபடி பின்கட்டில் இருந்தபோது, அவர் கதையை நிறுத்தாமல் மேலே போனார்.

மச்சான் இறகைப் புதைத்திருந்தான். மழை அதைக் கிளப்பிவிட்டது. சார்ஜன் கூலி முகாமைத் தோண்டிக் கிளறி, நெருப்படியில் கிடந்த மச்சானை இழுத்துவந்தான். அடித்தான். பிறகு ஓடைக் கரையில் முழங்காலில் நிறுத்தி, ஒரு பாறாங்கல்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னான். கை இறங்கினால் மூங்கில் தடியால் அடி. கைதிகளையும் இந்தக் கரையில் வரிசையாக நிறுத்திப் பார்க்கவைத்தான். வாத்தை எடுத்துக் கொடுத்தது யார் என்று துபாசியை விட்டுக் கேட்டான். மச்சான் சொல்லவில்லை. இந்தக் கரையில் நின்றவரும் சொல்லவில்லை.

"ரெண்டு நாள் நிண்டவன். ரெண்டாம் நாள் பின்னேரம் என்னைப் பாத்து ஏதோ கத்தினவன். எனக்கு ஏச்செண்டுதான் பட்டது. பேந்து கொலரா வந்து ரெண்டு முகாமையும் பிரிச்சுப்போட்டாங்கள். ஆளைக் காணேல்லை. செத்தானோ, வேற முகாமுக்குக் கொண்டுபோனாங்களோ தெரியாது." அவர் றோசாவின் பக்கம் திரும்பினார். "அவன் கத்தினது எனக்கு ஞாபகமிருக்கு. உம்மட ஏஜென்சியிட்ட நான் தமிழ் ஆள்தான் வேணுமெண்டு கேட்டு எடுத்தது அதுக்காகத்தான்."

றோசாவுக்கு அதுவரை அது தெரியாது. "சொல்லுங்கோ," என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அறுபது வருடமாக வாய்க்குள் உருட்டித் தேய்ந்த ஒலி. முதல் எழுத்து ஓடைச் சத்தத்தில் கேட்கவில்லையாம். "ஆத்து நல்லா இருஞ்சு," என்று வந்தது. திரும்பவும் சொன்னார். இரண்டாம் தரம், "ஆத்து, நல்லா இரு," என்று வந்தது.

றோசா நாலைந்து தரம் சொல்லவைத்துக் கேட்டாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அன்று வேலை சுகமாயிருந்திருக்கும். "ஐயா, இது ரெண்டு மாதிரி இருக்கலாம். 'பாத்து நல்லா இரு' எண்டா, கவனமா, சுகமா இரு எண்டு அர்த்தம்."

"மற்றது?"

"'வாத்து நல்லா இருந்திச்சு.' வாத்து ருசியா இருந்ததெண்டு."

ஹார்கிரீவ்ஸ் ஆற்றின் பக்கம் திரும்பினார். அக்கரை லாவல் பக்கமிருந்து கார் ஏற்றும் படகு மெல்ல வந்து கார்களை இறக்கியது. "அவன் ரெண்டாவதைத்தான் சொல்லியிருப்பான்," என்றார். "அவன்ர குணம் அது. மச்சான் எண்டா மச்சான்தான். நல்ல பேர்."

றோசா அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். "அது பேர் இல்லை, ஐயா," என்றாள். "பெஞ்சாதியின்ர அண்ணன் தம்பியைக் கூப்பிடுற முறை. கூட்டாளிமாரும் ஆளையாள் அப்பிடித்தான் கூப்பிடுவினம். எங்கட ஊரில கல்லெறிஞ்சா ஒரு மச்சானில படும்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். பன்னாடைக்கு அவள் கருத்துச் சொன்னபோது சிரித்த மனிதர், பெயரில்லை என்றபோது பொறுக்கமுடியாமல் போனார். "அப்ப அவனை நான் கூப்பிடவேயில்லை," என்றார். "ஒரு நாளும் கூப்பிடவேயில்லை."

றோசா பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அன்று அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் சார்ஜன் ரெண்டு பேரையும் கொன்றிருப்பான் என்று. அவள் சொல்லவில்லை. பேசாலையில் ஒருமுறை ஆமி சுற்றிவளைத்தபோது ஊரே வெயிலில் வரிசையில் நின்றது. ஆமிக்கு ஆள் காட்டிக்கொடுக்க, சாக்கால் முகத்தை மூடி வந்த தலையாட்டி அவளுடைய பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு முன்னால் தலையை ஆட்டினான்; ஆமி பெடியனைக் கொண்டுபோனது. அந்தப் பெடியன் ஒன்றும் செய்யாதவன் என்று றோசாவுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவளும் வாயைத் திறக்கவில்லை. அதைக் கிழவருக்குச் சொல்ல அவளுக்கு மனமில்லை. துண்டுகளைப் பழைய கடதாசியில் சுற்றிக் குப்பையில் போட்டாள்.

நாலாம் நாள், சவரம் செய்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, நுரைக்குள்ளிருந்து கேட்டார். "உங்கட ஆக்கள் செத்தவைக்கு என்ன செய்வினம்?"

"நாங்கள் கத்தோலிக்கர், கோயிலில பூசை ஒப்புக்குடுப்பம். ஆனா அவர் சைவசமயமா இருந்திருப்பார், ஐயா."

"அவன் சைவம். எனக்கு ஒண்டுமில்லை, கடவுளோட கதைச்சு அறுபது வருசம். எங்கள் மூண்டு பேரில உமக்கு மட்டும்தான் திறந்த கடை இருக்கு. அங்கயே கேளும்."

"உயிரோட இருந்தா?"

"தொண்ணூற்றிரண்டு வயசு. உயிரோட இருந்தா அவனுக்கும் பூசை தேவைதான்."

தமிழ்ப் பங்குக் கோயிலில் யாருக்காகப் பூசை என்று பெயர் எழுதுகிறவர் மாக்கிரட் அக்கா. அவர் ஒவ்வொரு பெயரையும் உறவுமுறை விசாரிக்காமல் எழுதமாட்டார். நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு மரித்தோருக்கான பூசை. றோசா ஒரு கிழமை முன்னதாகவே போனாள்.

"பேர்?"

"மச்சான்."

"உம்மட புருசன்ர தம்பியோ? எப்ப செத்தவர்?"

"இல்லையக்கா. பேரே அதுதான். மச்சான் எண்டு எழுதுங்கோ."

"ஆற்ற மச்சான்?"

"ஒரு வெள்ளைக்காரற்ற."

மாக்கிரட் அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "எந்த ஊர் எண்டாவது சொல்லும்."

"மலேயா எண்டு போடுங்கோ."

அந்த ஞாயிறு ஹார்கிரீவ்ஸ் பழைய கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சக்கரநாற்காலியில் வந்து முன்வரிசைக்குப் பக்கத்தில் இருந்தார். இருநூறு தமிழர் நடுவில் வேறு வெள்ளைக்காரர் இல்லை. ஃபாதர் மரித்தோரின் பெயர்களை வாசித்துக்கொண்டே போனார். பேசாலை, வங்காலை, குருநகர், பாசையூர். பிறகு, கொஞ்சமும் தடுமாறாமல், "மலேயாவைச் சேர்ந்த மச்சான் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும்," என்றார்.

பின்வரிசை ஆம்பிளைகளிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலாக மாறி, பாடகர் குழு வரைக்கும் போனது. ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்து கடதாசியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"என்னத்துக்குச் சிரிக்கினம்?" என்று ஹார்கிரீவ்ஸ் கோயில் முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் கேட்டார். காது மந்தமான ஆளுக்கு இரகசியம் பேச வராது.

"உங்கட ஆளின்ர பேருக்கு," என்றாள் றோசா.

"நல்லது," என்றார். "அவன் இருந்தா அவன்தான் முதல்ல சிரிச்சிருப்பான்." ஆனால் அவருடைய கை நாற்காலிப் பிடியை விடவில்லை. பூசை முடியும் வரைக்கும் றோசா அதன்மேல் தன் கையை வைத்திருந்தாள். பிறகு கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர் நாலு ரோல்ஸ் சாப்பிட்டார். ஐந்தாவதைக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

அடுத்த வெள்ளி நவம்பர் பதினொன்று, போர்வீரர் நினைவு நாள். அவருடைய மகள் லிண்டா டொரன்டோவிலிருந்து வந்திருந்தாள். படைவீரர் மண்டபத்தில் போர் முடிந்த அறுபதாம் ஆண்டு என்று நகரசபை உறுப்பினர், பாடசாலைப் பிள்ளைகள், பூமாலை எல்லாம் இருந்தன. வழக்கம்போல வாத்துக் கதை சொல்லும்படி கேட்டார்கள். அவர் சொன்னார். "குவாக், குவாக்" வரைக்கும் எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. இறகு, கல், இரண்டு நாள், தான் நின்ற கரை, எல்லாவற்றையும் அதே குரலில் சொன்னார். கடைசியில், "ஆளின்ர பேர் எனக்குத் தெரியாது. வாத்தைக் களவெடுத்தவன்ர பேர் ஸ்டான்லி ஹார்கிரீவ்ஸ். இவ்வளவு காலமும் நீங்கள் கை தட்டினது அவனுக்குத்தான்," என்று சொல்லி மைக்கை நீட்டினார்.

யாரும் கைதட்டவில்லை. தலைவர் நன்றி சொல்லி, சான்ட்விச் தயாராக இருக்கிறது என்று அறிவித்தார்.

திரும்பி வரும்போது, காரை ஓட்டிய லிண்டாவின் முகம் சிவந்திருந்தது. "பிள்ளையள் இருந்த இடம், அப்பா. மற்ற மாதிரிச் சொல்லியிருக்கலாம்."

"இருபது வருசம் மற்ற மாதிரித்தான் சொன்னனான்."

"எனக்கும் சொல்லேல்லையே. அம்மாவுக்குச் சொன்னீங்களோ?"

"இல்லை."

பின்சீற்றில் இருந்த றோசா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். லிண்டா ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் காரை நிறுத்தி, இறங்கிப் போய், கொஞ்ச நேரம் தனியே நின்றுவிட்டு, மூன்று கோப்பிகளோடு வந்தாள். ஒன்றை றோசாவிடம் நீட்டினாள். அந்த முறை அவள் இரண்டு நாள் நிற்க வந்தவள் இரண்டு கிழமை நின்றாள். தகப்பனும் மகளும் பின்கட்டில் போர்வைக்குள் இருந்து கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று றோசாவுக்குத் தெரியாது. அவள் கராஜில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் மண்டபத்திலிருந்து அவரைப் பேசக் கூப்பிடவில்லை. "ஒரு தொல்லை விட்டுது," என்றார். 2007 பெப்ரவரியில் நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தார். ஐந்தாம் நாள் தாதி ஒரு தட்டில் மீனும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைப் பார்த்து, றோசாவைப் பார்த்து, மூக்கைச் சுளித்தார். றோசா தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அடுத்த நாள் விடியப்புறம் அவர் போய்விட்டார்.

தகனத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள், அருமைநாதனையும் சேர்த்து. படைவீரர் மரியாதைக்கு எக்காளம் ஊத ஆள் கிடைக்கவில்லை, சீடியில் போட்டார்கள். அது நடுவில் சிக்கிக்கொண்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஊதியது. ஊழியர் ஓடிப்போய் நிறுத்தினார். லிண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்தபடியே அழுதுகொண்டு றோசாவின் கையைப் பிடித்துத் தன் வரிசைக்கு இழுத்து இருத்தினாள்.

ஏஜென்சி றோசாவுக்கு அடுத்த வேலையை மொன்ட்ரியால்-நோரிலேயே கொடுத்தது. ஒரு பஸ், பன்னிரண்டு நிமிடம். தொண்ணூறு வயதுக் கியூபெக் கிழவி, சுத்தமான வீடு, எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள். காலையில் "பொன்ஷூர்", போகும்போது "மெர்சி". வேறு ஒன்றும் கதைக்கமாட்டாள். முதல் கிழமையே றோசாவுக்கு அலுத்துப் போய்விட்டது.